மேலாளரை அணுக ‘டு’ வேண்டாம்

கேள்வி: பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். மின்னஞ்சலில் ‘வீ அப்ரோச்ட் டு த சப்ளையர்’ என்று எழுதினேன். மேலாளர் ‘டு’வை வட்டமிட்டு எடுக்கச் சொன்னார். அப்படியானால் ‘தி அப்ரோச் டு த ப்ராப்ளம்’ மட்டும் எப்படிச் சரி? – வாசகி, பிறை

பதில்: உங்கள் மேலாளர் சொன்னது சரி. முதல் வரியில் அப்ரோச் வினைச்சொல். அதற்கு ‘டு’ கிடையாது. இரண்டாவதில் பெயர்ச்சொல், அதற்கு உண்டு. சந்தேகம் வந்தால் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘சப்ளையரை அணுகினோம்’ என்பதில் ‘ஐ’ வருகிறது, ‘டு’ வேண்டாம். ‘சிக்கலுக்கான அணுகுமுறை’யில் ‘கு’ வருகிறது, ‘டு’ வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் இந்தக் கணக்கு உதவாது. இதற்கு அழகாகப் பொருந்துகிறது. ‘ஸ்போக் டு’, ‘வென்ட் டு’ என்று எழுதிப் பழகிய கைதான் இங்கும் தானாக ‘டு’ போட்டுவிடுகிறது.

சொல்லின் பிறப்பையும் தெரிந்துகொண்டால் மறக்காது. லத்தீனில் ‘ப்ரோபே’ என்றால் அருகில். ‘நோக்கி’ என்னும் பொருளுள்ள ‘அட்’ முன்னால் சேர்ந்து ‘அப்ரோபியாரே’ ஆனது. அது பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. ‘டு’வின் வேலையைச் செய்யும் துண்டு சொல்லின் தலையிலேயே ஒட்டியிருக்கிறது. ‘அப்ராக்சிமேட்’ இதன் உறவு. ‘அப்ரோப்ரியேட்’ அப்படியல்ல, அது ‘சொந்தம்’ என்னும் வேரிலிருந்து வந்தது.

பக்கத்தில் போவது எப்படி ஒரு வழிமுறையானது? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1985-இல் திறந்த பினாங்குப் பாலத்துக்குப் பிறையிலிருந்து நீங்கள் ஏறும் சாலையும் அப்ரோச்தான். ஓர் இடத்தை அடையும் பாதை, பிறகு ஒரு வேலையைக் கையாளும் பாதையாயிற்று. மலாயிலும் இதே நடை: ‘டெக்காட்’ அருகில், ‘பெண்டெக்காத்தான்’ அணுகுமுறை. வள்ளுவர் ‘அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க’ என்றபோது அணுகுதல் வெறும் நெருங்குதல்தான். ‘முறை’ பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

தமிழாக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘தீபாவளி இஸ் அப்ரோச்சிங்’ என்பதைத் ‘தீபாவளி அணுகுகிறது’ என்று எழுதாதீர்கள். பண்டிகை நெருங்கும், அணுகுவது ஆட்கள்.

உங்கள் மின்னஞ்சலை ‘வீ அப்ரோச்ட் த சப்ளையர்’ என்று திருத்தி அனுப்பிவிடுங்கள்.