எட்டு மணி நேரம் திறந்திருந்த ஷட்டர்

கலைப் புகைப்படத்தில் தமக்கு இடமுண்டா, தாம் எடுத்த தெருப்படம் ஏன் வெளுத்தது என்று கேட்ட பொறியியல் படித்த வாசகருக்கு: பொறியியல் படித்தவருக்குக் கலைப் புகைப்படத்தில் இடமில்லை என்ற கவலையை விடுங்கள். கொரியப் புகைப்படக் கலைஞர் அட்டா கிம் படித்ததும் இயந்திரப் பொறியியல்தான். 2006இல் நியூயார்க்கின் சர்வதேசப் புகைப்பட மையம் அவருக்குத் தனிக் கண்காட்சியே நடத்தியது.

கேமராவுக்குள் ஒளியை விடும் கதவான ஷட்டரை நெடுநேரம் திறந்துவைத்ததால் தெருப்படம் வெளுத்துவிட்டது என்கிறீர்கள். வெளுக்கத்தான் செய்யும். நண்பகல் வெயிலில் லென்ஸின் துளையைச் சிறிதாக்கி (எஃப் 16), ஒளியுணர்திறனைக் குறைத்து (ஐஎஸ்ஓ 100) வைத்தாலும், ஷட்டர் நொடியில் நூறில் ஒரு பங்கு திறந்தால் போதும். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர், அதாவது ஒளியைப் பத்து முறை பாதி பாதியாகக் குறைக்கும் கருங்கண்ணாடி, அந்த நேரத்தைச் சுமார் பத்து நொடியாக நீட்டும். நடப்பவர்கள் மங்குவார்கள், நிற்பவர்கள் பதிவார்கள். கிம், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தை எட்டு மணி நேரம் பதிவுசெய்தார். அத்தனை கூட்டமும் கரைந்து கட்டடங்கள் மட்டும் மிஞ்சின. எவ்வளவு துணிச்சலான பொறுமை அது! லென்ஸின் விட்டத்தைப் பார்த்து ஃபில்டர் வாங்குங்கள். உறுதியான முக்காலியும் வேண்டும்.