வேலியில் போகிற ஓணான்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் வீட்டில் பியர்டட் டிராகன் என்கிற வெளிநாட்டுப் பல்லி வளர்த்ததைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியதிலிருந்து ஆறாம் வகுப்பில் இருக்கும் என் மகனுக்கு அதே நினைப்பு. முழுப்பரீட்சை முடிந்ததும் வாங்கித் தருவதாக அவன் அப்பா சிங்கப்பூரிலிருந்து போனில் வாக்குக் கொடுத்துவிட்டார். சென்னையில் விற்பவர் ஒருவரைக் கேட்டோம். "பாலைவனத்துப் பிராணிம்மா. உங்க ஊர் வெயிலுக்கு ஒண்ணுமே வேணாம், கண்ணாடித் தொட்டியும் மணலும் போதும்" என்கிறார். எங்களுடையது பழைய வீடு, இடத்துக்குக் குறைவில்லை. மூன்று வயதில் மகளும் இருக்கிறாள். என் மாமியாரோ, "வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டு, குத்துது குடையுதுன்னானாம்" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நாங்கள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

ஒரு வாசகி, பள்ளத்தூர்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மாமியார் ஆளைச் சரியாகத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். பியர்டட் டிராகன் நம்மூர் ஓணானுக்குப் பங்காளி முறை, இரண்டும் ஒரே குடும்பம். நம்முடையது வேலியில் நின்று தலையாட்டுவது போலவே அதுவும் ஆட்டும். கோபம் வந்தால் தொண்டைக்குக் கீழே முள்முள்ளாக இருக்கும் தோல் உப்பிக் கறுத்துவிடும். தாடி என்று பேர் வந்தது அதனால்தான். பெரியதைக் கண்ட சின்னது ஒரு கையை மட்டும் தூக்கி மெதுவாகச் சுற்றும். முதல் தடவை பார்க்கிறவர்கள் நமக்கு வணக்கம் வைக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

விற்பவர் சொன்னதற்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பகுதி அதன் ஊர். வெயில் அங்கேயும் கடுமைதான். ஆனால் அங்கே அது காலையில் கட்டையில் ஏறி வெயில் காயும், சூடு ஏறியதும் இறங்கிப் புதர் நிழலுக்கோ வளைக்கோ போய்விடும். உடம்புச் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் அதற்குத் தெரிந்த முக்கியமான வழி, நகர்வதுதான். கண்ணாடித் தொட்டியில் எங்கே நகரும்? அதனால் பெட்டியின் ஒரு முனையில் 38 முதல் 42 டிகிரி வரை சூடான ஒரு கல் வேண்டும், மறுமுனை 25 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்நாடுகளில் வளர்ப்பவர்களுக்குச் சூடு ஏற்றுவது பாடு. நமக்கு அந்த இரண்டாவது முனைதான் பாடு. சித்திரை, வைகாசியில் மாடி அறை சும்மாவே 36 டிகிரியில் நிற்கும்போது, தொட்டிக்கு மேல் பல்பையும் எரியவிட்டால் அதற்குப் பேர் அடுப்பு.

தேவகோட்டையில் முதல் கோடையில் நான் செய்தது அதையேதான். மகளின் மாடி அறையில் வைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானம் போய்ப் பார்த்தால் பல்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, மூலையில், வாயைத் திறந்தபடி ஒட்டிக் கிடந்தது. பல்புக்குக் கீழே வாயைத் திறந்து கிடந்தால் பயமில்லை, சூட்டை வெளியே விடுகிறது. குளிர்ந்த முனையிலும் வாயைத் திறந்து கிடந்தால், அதற்குப் போக்கிடம் இல்லை என்று அர்த்தம். அன்றே கீழே, இரண்டாம் கட்டின் உள்ளறைக்கு இறக்கினோம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே கோடையிலும் நாலைந்து டிகிரி குறைவு. உங்கள் பழைய வீடு இந்த விஷயத்தில் பெரிய சொத்து. மாடியும் வேண்டாம், மேற்குச் சுவரை ஒட்டியும் வேண்டாம்.

பெட்டியை மீன்தொட்டிக் கடையில் வாங்காதீர்கள். வளர்ந்தால் ஒன்றரையிலிருந்து இரண்டு அடி நீளம் இருக்கும். 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் குறைந்தபட்சம். ஆசாரியிடம் சொன்னால், முன்பக்கம் கண்ணாடிக் கதவும் மேலே கம்பிவலையும் வைத்து மரத்தில் அடித்துத் தருவார். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காற்றோட்டம் இல்லாவிட்டால் நுரையீரலில் சளி கட்டும். மணல் வேண்டவே வேண்டாம். இரையோடு சேர்த்து விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும். நான் போட்டது ஆத்தங்குடிக் கல், நம் வீடுகளில் தரைக்குப் பதிக்கிற அதே பூக்கல். பூ போட்ட பக்கம் வழுக்கும், கவிழ்த்துப் போட்டால் சொரசொரப்பாகக் கால் ஊன்ற வசதி, நகமும் தேயும். பார்க்கிறவர்கள் திட்டுவார்கள், அது வேறு.

வெளிச்ச விஷயத்தில்தான் நான் பட்டேன். இந்தப் பிராணிக்குப் புற ஊதாக் கதிரில் யுவிபி என்ற பகுதி விழுந்தால்தான் வைட்டமின் டி3 உண்டாகும், அது இருந்தால்தான் சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேரும். எனக்கு விற்றவர் நீலமாக எரியும் ஒரு பல்பைக் கொடுத்து "இதுதான் சார் யுவி" என்றார். ஐந்தாறு மாதத்தில் தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது, முன்கால் நடுங்கியது. சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது, ஆனால் ஒரு கால் கோணல் கோணல்தான். ஆகவே ஊர்வனவற்றுக்கென்றே செய்த, டி5 என்கிற மெல்லிய வகை யுவிபி குழல்விளக்கு வாங்குங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் ஒரு வருடத்தில் அதன் கதிர் தீர்ந்துவிடும், மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயில் உதவாது. கண்ணாடி அந்தக் கதிரை நிறுத்திவிடும்.

உங்கள் முற்றம் இருக்கிறதே, அதை விடாதீர்கள். காலை எட்டரை, ஒன்பது மணி வாக்கில் கால் மணி நேரம், பாதி நிழல் போட்ட கம்பிக் கூண்டில் வையுங்கள். எந்த விளக்கும் அதற்கு ஈடில்லை. ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பூனை, காகம், பருந்து மூன்றுக்கும் இது பலகாரம்.

75 வாட் பல்பும் 24 வாட் குழல்விளக்கும் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 70 யூனிட் சொச்சம் வரும். இலவச யூனிட்டில் நல்ல பங்கு ஓணான் கணக்கு. இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம், நம்மூர் மார்கழி அதற்குக் குளிரே இல்லை.

சாப்பாடுதான் உங்கள் மாமியாரிடம் முதலிலேயே பேச வேண்டிய சங்கதி. குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பூச்சிதான் தின்னும், தினமும் இரண்டு மூன்று வேளை. உயிரோடு இருக்கிற பாச்சைகள், அதாவது சுவர்க்கோழிப் பூச்சிகள், உங்கள் வீட்டில் டப்பாவில் வளரும், இரவில் கத்தும், சில தப்பித்து ஓடும். வயலில் பிடித்துப் போடலாமா என்றால் கூடாது, மருந்து அடித்திருப்பார்கள். அதன் இரண்டு கண்ணுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பெரிய பூச்சி ஆகாது. கால்சியம் பொடியில் புரட்டிப் போட வேண்டும். மழை நாளில் வீட்டுக்குள் வரும் மின்மினி ஒன்றைத் தின்றாலே செத்துப்போகும், பையனிடம் இதை மட்டும் இரண்டு தடவை சொல்லுங்கள். வளர்ந்த பிறகு பாதிக்கு மேல் இலைதழை: செம்பருத்திப் பூ, பூசணிக்காய்த் துருவல், கொஞ்சம் முருங்கைக்கீரை, முள் சீவிய சப்பாத்திக்கள்ளி. பசலையும் முளைக்கீரையும் தினசரி வேண்டாம். அவற்றில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்று வயது மகள் தொடக்கூடாது. பார்க்கலாம். இவற்றின் கழிவில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களையும் முதியவர்களையும் அது கடுமையாகப் பிடிக்கும். தொட்டவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அதன் பாத்திரம் அடுப்படித் தொட்டிக்கு வரக்கூடாது.

சட்டம். ஆஸ்திரேலியா தன் ஊர்வனவற்றை உயிரோடு வியாபாரத்துக்கு வெளியே விடுவதில்லை. உலகம் முழுக்க விற்பவை கூண்டில் பிறந்த தலைமுறைகள். பாங்காக்கிலிருந்து பெட்டியில் வந்த ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையத்தில் பிடித்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள். நம் காட்டுயிர்ச் சட்டத்தில் 2022 திருத்தமும் 2024 விதிகளும் வந்தபின், சைட்டிஸ் என்கிற சர்வதேச காட்டுயிர் வணிக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். பட்டியல் அவ்வப்போது மாறும். வாங்குகிற சமயத்தில் இந்த இனத்தின் நிலை என்ன என்று வனத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். எங்கே பிறந்தது என்பதற்கு விற்பவர் காகிதம் தரவில்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவரையும் இப்போதே விசாரியுங்கள். நம் பக்கத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஆடு, மாடு, கோழி அத்துபடி. ஓணானைக் கொண்டுபோனால் சிரிப்பார்கள். ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி.

இன்னொன்று, உங்களுக்கு மட்டும். நன்றாக வைத்துக்கொண்டால் இது 10 வருடத்துக்கு மேல் இருக்கும். பையன் காலேஜுக்குப் போன பிறகும் இருக்கும். என் மகள் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன அன்று முதல் பாச்சை டப்பா கழுவியது நான். உங்கள் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் இருக்கிறார், வாக்குக் கொடுத்தது அவர், வாங்கப்போவது நீங்கள்.

இப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான். பெட்டியையும் விளக்கையும் தயார் செய்து, பிராணி இல்லாமல் வெறும் பெட்டியை ஒரு மாதம் ஓட்டுங்கள், அதுவும் கோடையில். இரண்டு முனையிலும் தெர்மாமீட்டர் வையுங்கள். காலை, மத்தியானம், சாயங்காலம் மூன்று வேளையும் பையன் நோட்டில் எழுதட்டும், மின்வாரியம் பராமரிப்புக்கு நிறுத்துகிற நாளிலும். மத்தியானத்தில் குளிர்ந்த முனை 30-ஐத் தாண்டினால் பல்பைக் குறைக்க வேண்டும், அறையை மாற்ற வேண்டும், திரும்ப ஓட்ட வேண்டும். பத்தாம் நாளே அவன் எழுத மறந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நோட்டு நிரம்பியதும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.