முதல் நாவலைத் திருத்துவது எப்படி? – கேள்வி பதில்

நாவலின் முதல் வரைவை முடித்தவர்கள் கேட்ட கேள்விகளும், நாவல் பிரதிகளைச் செம்மையாக்கும் எடிட்டர் ஒருவரின் பதில்களும்.

கூழாங்கல்: அக்கா, 92,000 சொற்களில் நாவலை முடித்துவிட்டேன். இப்போது முதல் அத்தியாயத்திலிருந்து ஒற்றுப்பிழை பார்த்துக்கொண்டு வருகிறேன். சரிதானே?

நிறுத்துங்கள். நாளை வெட்டப்போகும் அத்தியாயத்துக்கு இன்று ஒற்றுப் போட்டு என்ன பயன்? மெருகு ஏற்றிய பத்தியை வெட்ட அப்புறம் மனசே வராது. அதுதான் பெரிய கெடுதல்.

ஒரு மாதமாவது பிரதியை மூடி வையுங்கள். பிறகு அச்செடுத்து இரண்டு மூன்று நாளுக்குள் வாசித்து முடியுங்கள். சலிப்புத் தட்டும் இடத்தில் ஓரமாகப் பென்சில் கோடு போடலாம், வாக்கியத்தில் கை வைக்கக் கூடாது. அடுத்தது காட்சிப் பட்டியல். எக்செல் தாளில் காட்சிக்கு ஒரு வரி: எந்த நாள், எந்த இடம், யார் கண் வழியாகப் பார்க்கிறோம், யாருக்கு என்ன வேண்டும், முடிவில் என்ன மாறியது, எத்தனை சொல். ‘என்ன மாறியது’ என்ற கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லையென்றால் அந்தக் காட்சியை வெட்டுங்கள், அல்லது பக்கத்துக் காட்சியோடு சேருங்கள். இரண்டும் முடியாது என்றால் அதற்குள் ஒரு மாற்றத்தைக் கொண்டுவர வேண்டும்.

முதல் நாவல்களில் அடிக்கடி வரும் குறை ஒன்று உண்டு. முதல் மூன்று அத்தியாயம் ஊர் வரலாறும் தாத்தா கதையுமாகப் போகும். கதை நான்காவதில்தான் தொடங்கும். நான்காவதை முதலில் வைத்து வாசித்துப் பாருங்கள். தாத்தாவைப் பற்றி வாசகர் எந்த இடத்தில் கேட்பாரோ அங்கே சொன்னால் போதும்.

மலைப்பாதை: கதை 1979 முதல் 1986 வரை திண்டுக்கல் பக்கம் நடக்கிறது. காலப்பிழைகளை எப்படிப் பிடிப்பது?

காட்சிப் பட்டியலில் இன்னும் இரண்டு நெடுவரிசை சேருங்கள்: ஆண்டும் மாதமும் ஒன்று, முக்கியப் பாத்திரங்களின் வயது ஒன்று. கர்ப்பம் பதினோரு மாதம் நீள்வதும், ஐந்தாம் வகுப்புப் பையன் இரண்டு வருடம் கழித்தும் ஐந்தாம் வகுப்பிலேயே இருப்பதும் அங்கேதான் தெரியவரும்.

அடுத்து அரசும் பொருள்களும். திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். அதற்கு முந்தைய காட்சியில் கலெக்டரைப் பார்க்க மதுரைக்குத்தான் போக வேண்டும். தூர்தர்ஷனில் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது 1982இல். உங்கள் 1980 பண்ணையார் வீட்டில் கலர் டிவி ஓட முடியாது.

பலரும் தவறவிடுவது நிலா. கார்த்திகை தீபம், தைப்பூசம், பங்குனி உத்திரம் எல்லாம் பௌர்ணமியை ஒட்டி வருபவை. அந்த இரவுகளில் ‘கும்மிருட்டில்’ யாரும் ஒளிந்து ஓட முடியாது, மேகம் மூடினால் தவிர. தீபாவளி இரவில் நிலவொளியில் காதலர்கள் பேச முடியாது. பொங்கல் சூரியக் கணக்கு. நிலா எந்தப் பிறையிலும் இருக்கலாம். அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

நிழல்குடை: எந்தப் பதிப்பகத்துக்கு அனுப்பலாம் மேடம்?

திருத்தி முடித்தபின் கேளுங்கள். இப்போதைக்கு ஒன்று: சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலை ஒட்டி நடக்கும். அக்டோபர், நவம்பரில் பதிப்பகங்களில் வேலை குவிந்துகிடக்கும். அப்போது போகும் பிரதியைப் பொறுமையாக வாசிக்க ஆள் இருக்காது.

தட்டச்சுக்காரி: கதாநாயகன் பெயரைக் ‘கண்ணன்’ என்பதிலிருந்து ‘செல்வம்’ என்று மாற்ற வேண்டும். ஒரே அடியாக மாற்றிவிடலாமா?

‘எல்லாவற்றையும் மாற்று’ பொத்தானைத் தொடவே தொடாதீர்கள். கண்ணனை, கண்ணனுக்கு, கண்ணனோடு என்று வரும் இடங்களில் ‘ன்’ இல்லை. அதனால் ‘கண்ணன்’ என்று தேடினால் அவை சிக்காது. ‘கண்ண’ என்று தேடினால் கண்ணம்மாவும் சேர்ந்து மாட்டுவாள். புதுப் பெயரின் உருபுகளும் வேறு: செல்வத்தை, செல்வத்துக்கு, செல்வத்தோடு. ஒவ்வொன்றாகத் தேடிக் கையால் மாற்றுவதுதான் வழி. கோப்பைத் தேதியிட்டுப் பிரதி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

தேய்ந்த சொற்களைத் தேடவும் இதே முறைதான். ‘சட்டென்று’, ‘ஒரு கணம்’, ‘ஏதோ’, ‘பெருமூச்சு’, ‘புன்னகை’ ஆகிய ஐந்தையும் தேடி எண்ணிப் பாருங்கள். அடிச்சொல்லை மட்டும் கொடுத்தால் ‘புன்னகைத்தான்’, ‘புன்னகையோடு’ எல்லாம் வந்துவிடும்.

ஈரமண்: ஒற்றுப் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?

இதுவும் கடைசி வேலை. சந்திக்கு, அதாவது ஒற்று மிகும் இடங்களுக்கு, ‘நாவி’, எழுத்துப்பிழைக்கு ‘வாணி’ என்று இணையத்தில் கருவிகள் இருக்கின்றன. அவை சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பொருளைப் பார்த்து முடிவெடுங்கள். ‘வேலை தேடினான்’ என்றால் உத்தியோகம் தேடினான். ‘வேலைத் தேடினான்’ என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடினான்.

கரிசல்காரன்: பாத்திரங்கள் பேசும் வட்டார வழக்கு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்கிறார் நண்பர். பொதுத்தமிழாக்கிவிடவா?

வேண்டாம். ஆனால் காதில் விழும் எல்லா ஒலியையும் எழுதவும் வேண்டாம். வினைமுடிவு, விளி, அந்த ஊருக்கே உரிய சில பெயர்ச்சொல் ஆகிய மூன்றிலேயே வட்டாரம் தெரிந்துவிடும்.

கடல்நண்டு: பின்னிணைப்பாகச் சொற்பட்டியல் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

தீராது. வாசகர் துக்க வீட்டுக் காட்சியின் நடுவில் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டுத் திரும்பினால் அந்தத் துக்கம் போய்விடும். அந்தச் சொல் முதன்முதலில் வரும்போது யாராவது அந்தப் பொருளைக் கையில் எடுக்கட்டும், உடைக்கட்டும், கேட்டு வாங்கட்டும். பொருள் தானாக விளங்கும்.

கடல்நண்டு: கி. ராஜநாராயணன் கரிசல் சொற்களுக்கு அகராதியே தொகுத்தாரே?

அது மொழிக்குச் செய்த தனிப் பணி. கதையில் விளங்காததை விளக்கத் தொகுத்தது அல்ல.

வெள்ளாமை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கதைசொல்லி சுத்தமான எழுத்துத்தமிழிலும் ஊர்க்காரர்கள் மட்டும் வழக்கிலும் பேசினால், மேலிருந்து பார்ப்பதுபோல் ஆகிறதே. அதைவிடப் பொதுத்தமிழே மேல்.

இன்றைக்கு வந்த நல்ல கேள்வி இது. நோயைச் சரியாகச் சொன்னீர்கள், மருந்தை நான் ஏற்கவில்லை. படித்தவர், அதிகாரி, டாக்டர் எல்லாரும் எழுத்துத்தமிழில் பேசி, கூலிக்காரர் மட்டும் வழக்கில் பேசினால்தான் அந்த இழிவு வருகிறது. எல்லாருக்கும் வழக்கு உண்டு. வாத்தியாரும் வீட்டில் ‘வந்துட்டேன்’ என்றுதான் சொல்வார். எல்லார் வாயிலும் அதை வையுங்கள். கதைசொல்லியின் நடையிலும் அந்த ஊர்ச் சொற்கள் மேற்கோள் குறியோ சாய்வெழுத்தோ இல்லாமல் இயல்பாக வரட்டும்.

இதற்குப் பாத்திரத்துக்கு ஒரு பக்கம் குறிப்பேடு வையுங்கள். ‘வந்துட்டேன், வந்திட்டேன், வந்துட்டன்’ மூன்றில் இவர் எதைச் சொல்வார்? ‘வரல’யா, ‘வரலை’யா? முக்கியமாக, யார் யாரை ‘நீ’ என்பார், யாரை ‘நீங்க’ என்பார்? மூன்றாம் அத்தியாயத்தில் மாமியாரை ‘நீங்க’ என்ற மருமகள் ஒன்பதாவதில் ‘நீ’ என்றால், நடுவில் ஒன்று நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் அது பிழை.

வெள்ளாமை: கதைசொல்லி பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். டாக்டர் விஷயத்தில் இன்னும் ஒப்பவில்லை. நோயாளியிடம் அவர் வேண்டுமென்றே எழுத்துத்தமிழில் பேசலாமே.

பேசலாம். அப்போது அது அவருடைய குணம். மனைவியிடம் அவர் வேறுமாதிரி பேசும் ஒரு காட்சி இருந்தால் வாசகருக்கும் அது தெரியும்.

பனித்துளி: எந்தப் பதிப்பகம் நல்லது?

மேலே சொல்லியாயிற்று.

தூரத்துமணி: நானும் ஒற்றுப்பிழை பார்க்கத் தொடங்கிவிட்டேன், பாதிவரை...

காட்சிப் பட்டியல் போட்டீர்களா? போடாமல் ஒற்றைத் தொடாதீர்கள்.

காகிதக்கப்பல்: பக்கம் கட்டிய புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் படி) வந்திருக்கிறது. இப்போது இரண்டு பத்தி சேர்க்கலாமா?

கூடாது. டெம்மி என்ற புத்தக அளவில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200 முதல் 250 சொல். இரண்டு பத்தி சேர்ந்தால் அந்த அத்தியாயத்தின் பக்கங்கள் எல்லாம் நகரும். ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கப் பாரக் கணக்கும் தப்பலாம். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அதே பக்கத்தில் அதே அளவுக்கு வெட்டுங்கள்.

உங்கள் யூனிகோடு கோப்பைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பாமினியில் அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. மாற்றும்போது நீங்கள் போட்ட அரைப்புள்ளி, மேற்கோள் குறி, ஆங்கிலச் சொற்கள் கெட்டுப்போகும். அவை வரும் வரிகளை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள். பிறகு இன்னொருவரை உங்கள் பழைய பிரதியை உரக்க வாசிக்கச் சொல்லி, நீங்கள் புரூஃபில் விரல் வைத்து ஒப்பிடுங்கள். தனியாக வாசித்தால் விடுபட்ட வரியைக் கண் தானே நிரப்பிக்கொண்டு போய்விடும்.