பட்வாக்களின் பங்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உகாண்டாவின் பிவிண்டி வனத்தில் மலைக் கொரில்லாக்களைப் பார்த்துத் திரும்பினேன். மறுநாள் பட்வா பழங்குடியினர் எங்களுக்காகப் பாடி ஆடினார்கள். நான் செலவிட்டதில் அவர்கள் கைக்கு எவ்வளவு போயிருக்கும் என்பது உறுத்துகிறது. அவர்களைப் படமெடுத்தது தவறா? இனி இத்தகைய இடங்களுக்குப் போகாமலிருப்பதுதான் நேர்மையா?

க.

அன்புள்ள க.,

பட்வாக்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்த வேளையில் உங்கள் கடிதம் வந்தது. உங்கள் உறுத்தல் உண்மையானது, அதை மதிக்கிறேன். கேட்டுவிட்டு எடுத்திருந்தால் படத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஆனால் கொரில்லாக்களைப் பார்க்க வெளிநாட்டவருக்கு 800 டாலர் ஆகும் அனுமதிச் சீட்டை வாங்கும்போது எழாத கேள்வி, ஊர் திரும்பிய பின்தானா எழ வேண்டும்? நுழையப்போகும் காடு யாருடையது என்று முன்பே விசாரிக்காதது சோம்பல்தான்.

1991இல் பிவிண்டி தேசியப் பூங்காவானபோது, வேட்டையாடியும் தேனெடுத்தும் அங்கு வாழ்ந்த பட்வாக்கள் வெளியேற்றப்பட்டனர். காட்டைத் திருத்திப் பயிரிடாதவர்கள் என்பதால் அவர்களுடைய உரிமை எந்த ஏட்டிலும் ஏறவில்லை. பெரும்பாலோருக்கு இழப்பீடும் இல்லை. பூங்கா நுழைவுக் கட்டணத்தில் 20 விழுக்காடு சுற்றுவட்டார மக்களுக்கு என்கிறது சட்டம். கொரில்லாச் சீட்டின் பெருந்தொகையோ அந்தக் கணக்கில் சேர்வதில்லை. சீட்டுக்கு 10 டாலர் என்ற அளவில்தான் தனியே ஒதுக்கப்பட்டு வந்திருக்கிறது. அதுவும் உள்ளாட்சி வழியாக ஊர்த் திட்டங்களாகவே இறங்குகிறது. ஆடு கொடுத்தால் மேய்க்க நிலம் வேண்டும், விதை கொடுத்தால் விதைக்க நிலம் வேண்டும். நிலமற்ற பட்வாக்களைத் தாண்டி, நிலமுள்ள அண்டை வீட்டாரிடமே அந்தப் பங்கு போய்ச் சேர்வதில் வியப்பென்ன?

ஆஸ்திரேலியாவின் உலுரு என்ற பெரும்பாறையைப் பாருங்கள். 1985இல் அந்த நிலம் அங்குள்ள பழங்குடியினரான அனங்கு மக்களுக்குத் திருப்பித் தரப்பட்டது. அவர்கள் அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு அரசிடம் விட்டார்கள். குத்தகைப் பணத்தோடு நுழைவுக் கட்டணத்தில் 25 விழுக்காடும் அவர்களுக்கு வருகிறது. அங்கும் வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆனாலும் நிர்வாகக் குழுவில் அவர்களே பெரும்பான்மை என்பதால், தாங்கள் புனிதமாகக் கருதும் பாறையில் பயணிகள் ஏறுவதை 2019இல் நிறுத்த முடிந்தது. பட்வாக்களுக்கு அப்படி மறுத்துச் சொல்ல எந்த இடம் இருக்கிறது? ஆடச் சொன்னால் ஆட வேண்டியிருக்கிறது, ஐயா.

2021இல் உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் அவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஏற்றுக்கொண்டு, பரிகாரத்தை உயர் நீதிமன்றத்திடம் விட்டது. நீங்கள் போகாமலிருப்பதால் அவர்களுக்கு ஒரு சாண் நிலமும் வராது. உங்களை அழைத்துப்போன நிறுவனத்துக்கு எழுதுங்கள்: ஆட்டம் நடந்த இடம் யார் பெயரில் இருக்கிறது, ஆடியவர்களுக்கு யார் கையால், எவ்வளவு கொடுக்கப்பட்டது? பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குத் தெரிவியுங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.