சிங்கிடி முன்னே வந்தால்

கேள்வி: பாடகர் பீட்டர் கேப்ரியல் விலகிய பின் ஜெனிசிஸ் என்ற ஆங்கில ராக் குழு வெளியிட்ட ‘எ ட்ரிக் ஆஃப் தி டெயில்’ ஆல்பத்தை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டு முறையும் மூன்றாவது பாட்டோடு நிறுத்திவிட்டேன். குரலும் போய் வேடமும் போன பின் அது என்ன ஜெனிசிஸ்? ரசிப்பதாகச் சொல்கிறவர்கள் நடிக்கிறார்கள் என்கிறேன். சரிதானே?
- வாசகர் ஒருவர், கொழிஞ்சாம்பாறை

பதில்: சரியில்லை. பொள்ளாச்சிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு வழியில் கோபாலபுரத்திலேயே இறங்கிக்கொண்டு, பொள்ளாச்சியில் ஒன்றுமில்லை என்கிறீர்கள். ஆல்பத்தில் இருப்பது எட்டுப் பாட்டு.

பாலக்காட்டுச் சீமைக்காரர் நீங்கள். உற்சவத்தில் ஒரு கதகளியாவது கண் விழித்துப் பார்த்திருப்பீர்கள். வேடக்காரர் பாடுவதில்லை. சேங்கிலை என்ற வெண்கலத் தட்டோடு தலைமைப் பாடகரான பொன்னானியும், இலத்தாளம் என்ற கைத்தாளத்தோடு துணைப் பாடகரான சிங்கிடியும் பின்னால் நிற்கிறார்கள். பொன்னானி பாடிய அடியைச் சிங்கிடி வாங்கித் திரும்பப் பாடுகிறார். நரித்தலையும் பூ முகமூடியுமாக வந்த கேப்ரியல், வேடக்காரரும் பொன்னானியும் ஒருவராய் ஆனவர். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து தாளத்தோடு துணைக்குரலும் கொடுத்த பில் காலின்ஸ்தான் அங்கே சிங்கிடி. 1971, 1973 ஆல்பங்களில் ஒவ்வொரு பாட்டை முன்குரலாகவே பாடியும் இருக்கிறார். நீங்கள் ஏங்குகிற அந்தப் பழைய குரலில் இவர் குரலும் கலந்துதான் கிடக்கிறது.

1975இல் கேப்ரியல் போனதும் வெளியில் ஆள் தேடினார்கள். வந்தவர்களுக்குப் பாட்டைப் பாடிக் காட்டியவர் காலின்ஸ். யாரும் தேறவில்லை; பாடிக் காட்டியவரே பாடகரானார். 1976 பிப்ரவரியில் ஆல்பம் வந்தது.

நீங்கள் கேட்டதாகச் சொல்லும் இரண்டாவது பாட்டையே எடுத்துக்கொள்வோம், ‘என்டாங்கிள்ட்’. பன்னிரண்டு தந்தி கிட்டார்கள் மெல்லச் சுழல, தூக்கத்தில் தத்தளிக்கும் நோயாளிக்கு வைத்தியம் பேசுகிறார்கள். கடைசியில் நர்ஸ் கட்டணச் சீட்டை நீட்டுகிறாள். கேப்ரியலாக இருந்தால் டாக்டருக்கு ஒரு குரல், நோயாளிக்கு ஒரு குரல் என்று நடித்திருப்பார். காலின்ஸ் தாலாட்டு மாதிரிப் பாடிக்கொண்டே போகிறார். கட்டணச் சீட்டு வரும் வரியிலும் குரல் மாறுவதில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்தச் சாந்தம்தான். அடுத்த முறை அந்த ஒரு வரிக்காகக் காத்திருங்கள்.

உங்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஐந்தாவது பாட்டில் திருடனாகவும் போலீஸாகவும் குரல் மாற்றிப் பாடப் பார்க்கிறார். கேப்ரியலின் சட்டை அவருக்குத் தொளதொளவென்று இருக்கிறது. அதைத் தாண்டிப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் எட்டாவதைத் தாண்டக் கூடாது. ‘லாஸ் எண்டோஸ்’, ஏறக்குறைய முழுக்க வாத்தியம். முதல் பாட்டின் மெட்டும் நீங்கள் நிறுத்திய மூன்றாவது பாட்டின் மெட்டும் அதில் திரும்பி வரும். ஓசை தேய்ந்து அடங்கும்போது ஒலியைக் கூட்டிவைத்துக் கேளுங்கள். காலின்ஸ் தூரத்திலிருந்து ஏதோ பாடுவார். 1972இல் கேப்ரியல் பாடிய இருபத்து மூன்று நிமிடப் பாட்டின், ‘சப்பர்ஸ் ரெடி’யின், கடைசிப் பகுதியை நினைவூட்டும் வரிகள் அவை.