பீரோ சாவி யாரிடம்?

கேள்வி: எனக்கு வயது 52. வங்கி அதிகாரி. நங்கநல்லூரில் சொந்த ஃபிளாட். சிறு வயதிலிருந்தே ராக் இசை என்றால் பைத்தியம். கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா விடுமுறையில் வரும்போதெல்லாம் எல்பி இசைத்தட்டுகள் கொண்டுவருவார். அவர் மடியில் உட்கார்ந்து அட்டைப் படங்களைப் பார்த்தே வளர்ந்தேன். அவர் காலமான பிறகு அவை எனக்கு வந்து சேர்ந்தன. நானும் வாங்கிச் சேர்த்ததில் இன்று அறுநூறுக்கு மேல் இசைத்தட்டுகள், போஸ்டர்கள், பழைய கச்சேரி டிக்கெட்டுகள் என ஒரு சுவர் முழுக்க பீரோக்கள் நிற்கின்றன. பாட்டைவிட அட்டை ஓவியங்களின் மீதுதான் எனக்கு உயிர். எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பையனுக்குப் படிக்கிற மேசை போடலாம் என்கிறாள் மனைவி. 16 வயது மகனோ இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (ஏழு வயதில் லெட் செப்பலின் இசைக்குழுவின் மூன்றாம் ஆல்பத்தின் அட்டைச் சக்கரத்தைச் சுழற்றிக் கிழித்துவிட்டான். அன்று முதல் பீரோ சாவி என்னிடம்தான்.) எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் செல்போனிலிருந்து தலை நிமிர்வதில்லை. எனக்குப் பிறகு இவை பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும் என்று நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. போதாக்குறைக்குப் போன மழையில் பல அட்டைகளில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. மகனுக்கு ஆர்வம் வரவழைப்பது எப்படி? வராது என்றால் இப்போதே விற்றுவிடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை-61

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம், எந்தத் தட்டு எந்த நாட்டுப் பதிப்பு, இன்றைக்கு என்ன விலை போகும் என்பதுதான். மகனைப் பற்றிச் சில வரிகள். அவற்றிலும் முக்கியமானதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். நான் அதைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன்.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. தபால்தலை சேர்த்தவர்கள், பழைய நாணயம் சேர்த்தவர்கள், கொலு பொம்மை சேர்த்தவர்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். “எனக்குப் பிறகு யார்?” என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். இந்தத் தலைமுறை அப்படித்தான், வயது வந்தால் தானாகப் புரிந்துகொள்வான், கவலைப்படாதீர்கள் என்று நான் எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எழுத மாட்டேன். உங்கள் மகனுக்கு ஆர்வம் இல்லாமல் போகவில்லை. ஏழு வயதில் இருந்தது. என்ன ஆனது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த அட்டை எப்படிப்பட்டது என்று மற்ற வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். 1970இல் வெளிவந்த அந்த ஆல்பத்தை ஜாக்ரான் என்ற ஓவியர் வடிவமைத்தார். வெள்ளை அட்டையில் ஆங்காங்கே துளைகள். உள்ளே ஒரு வட்ட அட்டை. ஓரத்தில் விரல் வைத்துத் திருப்பினால் துளைகளில் படங்கள் மாறிக்கொண்டே வரும். பாடகரின் முகம் இருந்த இடத்தில் இன்னொரு முகம் வரும், பூச்சி வரும், விமானம் வரும். சுழற்றுவதற்கென்றே செய்த அட்டை அது. ஒரு குழந்தை அதைக் கையில் எடுத்தது, யாரும் சொல்லித் தராமலே அது சுழலும் என்று கண்டுபிடித்தது, சுழற்றியது. நாற்பது வருடத்துக்கும் மேலான அட்டை, நடுவில் பொருத்திய இடத்தில் கிழிந்தது. கிழியத்தான் செய்யும்.

அன்று அடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே எனக்குத் தெரிகிறது. அடிக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறிவிடாது. ஒன்பது வருடமாக அந்த பீரோவைப் பூட்டி, சாவியை உங்களோடு எடுத்துக்கொண்டு போகிறீர்கள். ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் அந்தப் பையன் பள்ளிக்கூடம் போனான். அப்பாவுக்குப் பிடித்த பொருள் ஒன்று வீட்டில் இருக்கிறது, அதைத் தொடத் தனக்குத் தகுதி இல்லை என்பதை அவன் நன்றாகப் படித்துக்கொண்டான். இப்போது வந்து, “ஏன் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறான்?” என்று என்னிடம் கேட்கிறீர்கள். உங்களுக்கு உறைக்கவில்லையா?

உங்கள் சித்தப்பாவை நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் கடலில் கிடந்துவிட்டு, சம்பாதித்த காசில் ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி, பெட்டியில் துணிக்கு நடுவில் வைத்து, உடையாமல் ஊர் கொண்டுவந்து சேர்த்த தட்டுகள் அவை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்றைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அவர் என்ன செய்தார்? உங்களை மடியில் உட்காரவைத்து அட்டையைக் கையில் கொடுத்தார். உங்கள் கையில் அன்று முறுக்கு எண்ணெய் இல்லாமலா இருந்தது? அந்த மனிதர் உங்களுக்கு விட்டுப்போனது அறுநூறில் ஒரு பகுதி அட்டைகள் மட்டும்தான் என்று நினைத்தால் நீங்கள் அவரைப் புரிந்துகொள்ளவே இல்லை. அவர் செய்ததை நீங்கள் உங்கள் மகனுக்குச் செய்திருக்க வேண்டும். அது நீங்கள் அவருக்குப் பட்ட கடன். ஒன்பது வருடமாக அடைக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு உயிர் என்று சொல்கிற இந்த அட்டைக் கலை, கண்ணாடிக்குள் வைத்துப் பார்ப்பதற்காகப் பிறந்ததும் அல்ல. பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ 1967இல் வந்தபோது உள்ளே ஓர் அட்டைத் தாள் இருந்தது. ஒட்டு மீசை, சார்ஜென்ட் பட்டை, பேட்ஜ் எல்லாம் வெட்டி எடுத்து அணிந்துகொள்வதற்காக அச்சடித்திருந்தார்கள். வெட்டாத தாள் இருந்தால் இன்று விலை அதிகம் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். விலை அதிகமாக இருக்கட்டும். அந்தத் தாளை அச்சடித்தவர்கள், எந்தப் பையனாவது அந்த மீசையை மூக்கின் கீழ் ஒட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பான் என்றுதான் அச்சடித்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் ஓர் ஆல்பத்துக்கு வாழைப்பழம் வரைந்தார். முதலில் வந்த பிரதிகளில் அதன் தோல் ஒரு ஸ்டிக்கர், உரித்துப் பார்க்கலாம். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் போஸ்டர்களோடும் ஸ்டிக்கர்களோடும் வந்தது. சுவரில் ஒட்டத்தான் கொடுத்தார்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1971இல் வந்தது. அட்டையில் ஜீன்ஸ் பேன்ட் படம், அதில் உண்மையான ஜிப், இழுத்தால் திறக்கும். ஆனால் தட்டுகளை அடுக்கி லாரியில் அனுப்பியபோது ஒன்றின் ஜிப் அடுத்த தட்டில் அழுந்திப் பள்ளம் விழுந்துவிட்டது. கடைக்காரர்கள் புகார் செய்தார்கள். அட்டையைத் தயாரித்த கிரெய்க் பிரான் என்ன செய்தார் தெரியுமா? ஜிப்பை எடுத்துவிடவில்லை. தொழிற்சாலையிலேயே ஜிப்பைப் பாதி வரை இறக்கிவிட்டு அனுப்பச் சொன்னார். அப்போது அழுந்தினாலும் தட்டின் நடுவில் ஒட்டிய காகித லேபிள் மேல்தான் படும், பாட்டு இருக்கும் இடத்துக்குச் சேதம் இல்லை. பொருளும் கெடக்கூடாது, தொடுகிறவரையும் தடுக்கக்கூடாது என்று ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். உங்கள் வீட்டில் ஓர் அட்டை கிழிந்தபோது உங்களுக்கு அந்த அளவு யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. பூட்டு வாங்கப் போனீர்கள்.

மகனிடம் எத்தனையோ முறை “எடுத்துச் சொன்னேன்” என்கிறீர்கள். என்ன சொன்னீர்கள்? எனக்கு எழுதிய மூன்று பக்கத்தைத்தான் அவனிடமும் சொல்லியிருப்பீர்கள். எது அபூர்வம், எது எத்தனை ஆயிரம். பூட்டிய கதவுக்கு வெளியே நின்று விலைப்பட்டியல் கேட்க எந்தப் பிள்ளைக்குப் பொறுமை இருக்கும்? செல்போனை யாரும் அவனிடமிருந்து பூட்டி வைக்கவில்லை. அதனால் அதைப் பார்க்கிறான்.

பெற்றவர்களைக் கடைசிவரை கவனிப்பது பிள்ளையின் கடமை என்று நம்புகிறவள் நான். இதே பக்கத்தில் அதைப் பலமுறை கடுமையாக எழுதித் திட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அப்பாவின் சேகரிப்பைச் சுமப்பது அந்தக் கடமையில் சேராது. அது அவனுக்கு வேண்டும் என்று தோன்றினால் மட்டுமே அவனுடையது. தோன்ற வைக்கும் பொறுப்பு உங்களுடையது. அதை அவன் தலையில் தள்ளிவிட்டு, பழைய பேப்பர் கடை, தூக்கமின்மை என்று வருத்தப்படுவது நியாயமே இல்லை.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்தக் கிழிந்த அட்டையை எடுத்துக்கொண்டு மகனிடம் போங்கள். அன்று நான் செய்தது தப்பு என்று சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று நம் ஊர் அப்பாக்கள் தயங்குவார்கள். கேளுங்கள், உங்கள் மரியாதை எங்கும் போய்விடாது. பிறகு அந்தத் தட்டை அவனுக்கே கொடுத்துவிடுங்கள். அவனுடையது என்றால் அவனுடையது. அவன் அதை ஒட்டித் தைக்கலாம், அப்படியே விடலாம், சுவரில் மாட்டலாம். நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. ஆல்பத்தின் வரலாறும் வேண்டாம். அவன் “ச்சே” என்று தூக்கி மேசையில் போட்டாலும் முகத்தைச் சுளிக்காதீர்கள். ஒன்பது வருடத்தை ஒரு சாயங்காலத்தில் சரிசெய்ய முடியாது. பீரோ சாவி இனிமேல் மற்ற சாவிகளோடு வாசல் ஆணியில் தொங்கட்டும்.

பூஞ்சணத்துக்கும் இந்தப் பூட்டுதான் பாதிக் காரணம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றில் இருக்கும் ஈரம் உங்களுக்குத் தெரியாததல்ல. காற்றோட்டமில்லாத பீரோவில் அட்டையை அடைத்தால் பூஞ்சணமும் வரும், இராமபாணப் பூச்சியும் வரும். மழை நனைக்கும் வெளிச்சுவரை ஒட்டி பீரோ நின்றால் ஒரு சாண் தள்ளி வையுங்கள். வெயில் நாளில் கதவைத் திறந்து போடுங்கள். ஆனால் அட்டைகளை நேர் வெயிலில் காயவைக்காதீர்கள், வண்ணம் வெளுக்கும், தட்டு வளையும். காய்ந்த மெல்லிய தூரிகையால் பால்கனியில் வைத்துத் துடையுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அடுக்கினால் அட்டையின் மேல் தட்டின் வட்டத் தடம் விழும். பளபளப்பான பிவிசி உறைகளை எடுத்துவிட்டு பாலிபுரொப்பிலீன் உறைகள் வாங்குங்கள். பிவிசி உறையிலிருந்து கசியும் வேதிப்பொருள் தட்டையும் கெடுக்கும்.

1985இல் எரிந்துபோகும் வரை, பழைய இசைத்தட்டு தேடுகிற சென்னைக்காரர்கள் சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட்டுக்குத்தான் போனார்கள். காசில்லாத கல்லூரிப் பையன்களும் குவியலைக் கிளறி, ஒவ்வொரு அட்டையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவார்கள். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பிடித்துப்போனவர்கள்தான் பின்னால் சம்பாதித்து உங்களைப் போலச் சேர்த்தார்கள். உங்கள் மகனுக்கு அந்தக் குவியல் அடுத்த அறையிலேயே இருக்கிறது.

விற்பதா வேண்டாமா என்பதற்கு வருகிறேன். இப்போது விற்காதீர்கள். கோபத்தில் விற்கிறீர்கள். பூஞ்சணம் பிடித்த அட்டைக்கு நல்ல விலையும் வராது. வாங்குகிறவர்கள் தட்டின் நிலையைத் தனியாகவும் அட்டையின் நிலையைத் தனியாகவும் பார்த்துத்தான் பேசுவார்கள். இரட்டைப் பிரதிகள் இருந்தால் அவற்றை மட்டும் கொடுங்கள். மற்றதை ஓரிரு வருடம் கழித்து மனைவியையும் மகனையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் நல்ல கைகளாகப் பார்த்து விற்றுவிடுங்கள், பிறகு அதைப் பற்றிக் குத்திக்காட்டாதீர்கள்.

உங்கள் மனைவி சொன்னதை நீங்கள் புகாராக எழுதியிருக்கிறீர்கள். அவர் கேட்டது ஒரு மேசை. ஒரு பீரோவைக் காலி செய்தால் அந்த இடத்தில் போட்டுவிடலாம். பையனுக்கு 16 வயது, பொதுத் தேர்வுக் காலம். தட்டு விற்ற பணம் வரட்டும் என்று காத்திருக்காமல் இந்த மாதச் சம்பளத்திலேயே வாங்கிப் போடுங்கள்.