சர்ரியலிச நிலக்காட்சி ஓவியத்துக்கு விளக்கம் எழுதுவது எப்படி?

கேள்வி: மகள் எச்.எஸ்.சி.யில் ஓவியப் பாடம் எடுத்திருக்கிறாள் (குவாத்ர் போர்ன், மொரிஷியஸ்). டாலியின் 'நினைவின் நிலைபேறு' படத்துக்கு விளக்கம் எழுத வேண்டுமாம். கடிகாரம் என்றால் காலம், எறும்பு என்றால் அழிவு என்று எழுதினால் போதுமா?

பதில்: போதாது. அந்த மாதிரிக் குறியீட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு எழுதினால் எந்தப் படத்துக்கும் ஒரே விடைதான் வரும். நிலக்காட்சி ஓவியத்தில் முதலில் நிலத்தைப் படிக்க வேண்டும், அதன் மேல் கிடக்கும் பொருள்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கனவையும் ஆழ்மனதையும் வரைய முயன்ற சர்ரியலிச இயக்கத்தைச் சேர்ந்த ஸ்பானிய ஓவியர் டாலி 1931இல் இதை வரைந்ததும் அந்த வரிசையில்தான். ஸ்பெயினில் அவர் ஊரான போர்ட் லிகாட்டின் கரைப் பாறைகள், அந்தி வெளிச்சம், கிளை வெட்டுப்பட்ட ஒலிவ மரம் எல்லாம் ஓவியத் துணியில் ஏற்கெனவே இருந்தன. ஓர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கெமெம்பேர் பாலாடைக்கட்டியின் குழைவை நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் குழைந்த கடிகாரங்கள் மனதில் பட்டன என்று தன் சுயசரிதையில் சொல்கிறார்.

படத்தை ஏ4 தாளில் அச்சிடுங்கள். அசல் ஏறக்குறைய 24 செ.மீ. உயரம், 33 செ.மீ. அகலம்தான். அதனால் அச்சுப்படம் கிட்டத்தட்ட அசல் அளவிலேயே இருக்கும். இணையத்தில் கிடைப்பவற்றில் பல, ஓரம் வெட்டப்பட்டவை. அகலத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள்: 1.37 அளவில் வராவிட்டால் ஏதோ ஒரு பக்கம் போயிருக்கிறது, வேறு பிரதி தேடுங்கள். அச்சு கருத்துவிட்டாலும் பயனில்லை. முன்புறத்துப் பழுப்பு நிழலுக்குள் இருப்பதெல்லாம் மறைந்துவிடும்.

மேலே ட்ரேசிங் தாளை வைத்து, முதலில் தொடுவானக் கோட்டை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். அது படத்தின் மேற்பகுதியில், தெளிவாக, நேராக இருக்கிறது. அடுத்து வெளிச்சம் விழும் இடத்தையும் நிழல் இடத்தையும் இரண்டாகப் பிரிக்கட்டும். தூரத்துப் பாறைகள் பொன் நிறத்தில் ஒளிர்கின்றன, நமக்குப் பக்கத்தில் இருக்கும் தரையோ இருண்டு கிடக்கிறது. சூரியன் எங்கும் இல்லை. இதைக் கவனித்தாலே விளக்கத்தின் முதல் பத்தி கிடைத்துவிடும்: தூரத்தில் இருப்பது உண்மையான கட்டலோனியக் கடற்கரை, கேப் டெ க்ரூஸ் பகுதிப் பாறை, கனவு நடப்பது இந்தப் பக்கத்து நிழலுக்குள்.

பிறகுதான் கடிகாரங்கள். மொத்தம் நான்கு. மூன்றுதான் குழைந்தவை. இடது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் மூடிக் கிடக்கும் நான்காவது கெட்டியாகவே இருக்கிறது, எறும்பு மொய்ப்பதும் அதைத்தான். 'காலம் உருகுகிறது' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் தவறவிடுவது இந்த மூலையைத்தான். உருக்குலையாத ஒரே கடிகாரத்துக்கு ஏன் அழுகிய பண்டத்தின் கதி? உலோகம் தசைபோலத் தொய்கிறது, கெட்டியான உலோகத்தை எறும்பு தேடி வருகிறது. இரண்டிலும் கெட்டிப்பொருளுக்கும் உயிர்ப்பொருளுக்கும் இடையிலான எல்லை தவறிப்போகிறது. பின்னால் இருக்கும் பாறை மட்டும் அசையவில்லை. மகள் இதை எழுதினால், எறும்புக்கு அகராதிப் பொருள் சொல்ல வேண்டிய தேவையே இருக்காது.

இதே சோதனையை மற்ற ஓவியர்களிடம் வைத்தால், நிஜ உலகின் விதி (வெளிச்சம், நிழல், தூரம்) வேறு வேறு இடத்தில் உடைவது தெரியும். சர்ரியலிசத்துக்கு முன்னோடியான டி கிரிகோ வரைந்த நகரச் சதுக்கங்களில் கட்டடங்களின் விளிம்புக் கோடுகளை அளவுகோல் வைத்து நீட்டுங்கள், அவை ஒரே புள்ளியில் கூடாது. மக்ரித்தின் 'ஒளியின் பேரரசு' வரிசையில் வானம் பகல், தெரு இரவு. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் தவறே இல்லை, விசித்திரம் அவை சேரும் இடத்தில்தான். ஈவ் தாங்கி என்ற ஓவியரின் படங்களில் தொடுவானம் கரைந்துபோகும், ஆனால் பெயர் சொல்ல முடியாத உருவங்களுக்கும் நிழல் கூர்மையாக விழும். அவருடைய தலைப்புகளை நம்பிப் பொருள் சொல்லக் கூடாது. 1927 கண்காட்சிக்காக அவரும் சர்ரியலிச இயக்கத் தலைவர் ஆந்த்ரே பிரெட்டனும் மனநோய் மருத்துவ நூல்களில் நோயாளிகள் சொன்ன வாசகங்களைத் தேடியெடுத்துத் தலைப்பாக வைத்தார்கள்.

மாக்ஸ் எர்ன்ஸ்டின் 'மழைக்குப் பின் ஐரோப்பா II' (1940–42) படத்தில் செய்முறை தெரியாமல் பேசவே முடியாது. ஈரச் சாயத்தின் மேல் கண்ணாடியோ தாளோ அழுத்திப் பிரித்தெடுத்தால் பவளப்பாறை போன்ற தடங்கள் தானாக விழும். அவற்றில் உருவங்களைக் கண்டுபிடித்து, சுற்றிலும் வழவழப்பான வானத்தைத் தீட்டினார். ஒவ்வொரு துளையையும் அவர் திட்டமிட்டார் என்று எழுதுவது தவறாகிவிடும். எதை விட்டுவைத்தார், வானத்தை எங்கே கொண்டுவந்து வெட்டினார் என்பதுதான் அவருடைய தேர்வு.

மொரிஷியஸ் பிள்ளைகளுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பீட்டர் போத் மலை உச்சியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பாறையை வெளியூர்க்காரர் ஓவியத்தில் பார்த்தால் கற்பனை என்பார். லெ மோர்ன் அருகே கடலுக்கடியில் தெரியும் 'அருவி'யும் அப்படித்தான், உண்மையில் அது மணலும் வண்டலும் சரிவில் இறங்கும் தோற்றம். எது இடத்தின் இயல்பு, எது ஓவியர் சேர்த்தது என்று பிரிக்க இந்தத் தீவை வைத்தே பழகலாம். குவாத்ர் போர்னிலிருந்தே தெரியும் கோர் தெ கார்த் மலையை அவளே வரைந்து, ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். அடிவாரத்து முருகன் கோயில் கோபுரத்தின் நிழல் எதிர்த் திசையில் விழட்டும், மற்றவை அப்படியே இருக்கட்டும். இரண்டு மூன்று விதிகளை ஒரே சமயத்தில் மாற்றினால் படம் வெறும் குழப்பமாகும்.

மொரிஷியஸ் எழுத்தாளரும் ஓவியருமான மால்கம் தெ ஷசாலையும் சேர்க்க ஆசைப்படுவாள். அவர் எழுத்தை பிரெட்டன் பாராட்டினார். 1951இல் வந்த 'பெத்ருஸ்மோக்' நூலில் இந்தத் தீவின் மலைகளை, கடலில் மூழ்கியதாகக் கதை சொல்லும் லெமூரியாக் கண்டத்தின் அரக்கர்கள் செதுக்கியவையாகவே வாசித்தார். ஆனால் அவர் ஓவியங்களில் தட்டையான, பளிச்சென்ற வண்ணங்கள்தான் பேசுகின்றன. நிழல் சோதனை அங்கே செல்லாது; நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.